வாள் விற்றவர் கணக்கு: பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு தரைக்கடை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சிறிது திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு போரைப் பற்றிப் பேசப் போறோம். ராஜா, தளபதி, பீரங்கி எல்லாம் வருவாங்க, கொஞ்சம் பின்னால. முதல்ல வரப்போறவர் ஒரு கடைக்காரர்.

தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷத்துக்கு மூணு தடவை போர் நடக்கும். புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் தசரா. காளி, குரங்கு, போலீஸ், ராஜா என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் கட்டி வருவார்கள். கடைசி நாள் ராத்திரி கடற்கரையில் மகிஷாசுரன் விழுவான். ஐப்பசியில் திருச்செந்தூர். கந்த சஷ்டி ஆறாம் நாள், அதே கடலோரத்தில் சூரசம்ஹாரம். இந்த ரெண்டும் புராணப் போர்.

மூணாவது, நிஜமாகவே நடந்த போர். தூத்துக்குடியிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர், ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி. ஒவ்வொரு மே மாதமும் அங்கே வீரசக்கதேவி கோயில் திருவிழா. ஊர் ஊராக ஜோதி ஏற்றி ஓடி வருகிற இளைஞர்கள், மேளம், மேடை, நாடகம், கட்டபொம்மன் படம் போட்ட பனியன். தமிழக அரசு 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. நிஜக் கோட்டையில் மிச்சம் இருப்பது அடிச்சுவர்கள்தான்.

இந்தத் திருவிழாவுக்கு நான் வியாபாரியாகப் போனேன். அதுதான் இந்த எபிசோட்.

மாமாவின் காலண்டர்

எங்க மாமா திருவிழாக் கடைக்காரர். பொம்மை, பலூன், ஊதல், பிளாஸ்டிக் வாள், துப்பாக்கி. அவருக்கு வருஷம் ஜனவரியில் தொடங்காது. மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி. ஜூலை கடைசியில் தூத்துக்குடி பனிமய மாதா கோயில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 வரைக்கும் அங்கே. அப்புறம் குலசை, அப்புறம் திருச்செந்தூர். சாமியும் மதமும் மாறும். தார்ப்பாயும் சாக்கும் அதேதான்.

இந்தத் தடவை அவருக்கு முழங்கால் வலி. மூட்டை தூக்க ஆள் வேணும். நான் வரலாறு பற்றி எபிசோட் போடுகிறவன். "ஏ மருமவனே, நீ பேசுத வரலாறு எல்லாம் அங்க வந்து சும்மா ரெண்டு நா நில்லு, தானா தெரியும்"ன்னார். போனேன்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. இந்தத் திருவிழா சமயத்தில் பல வருஷங்களாக மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு போடுவது வழக்கம். வாள், கத்தி, கம்போடு யாரும் வரக் கூடாது. எங்க வண்டியில் ரெண்டு சாக்கு நிறைய வாள். காவலர் சாக்கைப் பிரித்தார், ஒன்றை உருவினார், வளைத்துப் பார்த்தார். அது வில் மாதிரி வளைஞ்சுது. சிரிச்சுக்கிட்டே, "போங்க அண்ணாச்சி"ன்னுட்டார்.

அந்த நிமிஷம் எனக்கு ஒரு தேதி ஞாபகம் வந்தது. 1801 டிசம்பர். பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி அரசு போட்ட அறிவிப்பு, தெற்கே யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. தலைமுறை தலைமுறையாக வாளும் வேலும் வல்லயமும் வைத்திருந்த ஊர்கள் அவற்றை ஒப்படைக்க வேண்டி வந்தது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. இன்றைக்கும் இந்த ரோட்டில் வாளுக்குச் சோதனை இருக்கு. காரணங்கள் வேற, அதுக்குக் கடைசியில் வருவோம்.

போரைத் திரும்ப நடத்துகிறவர்கள்

உலகத்தில் பல இடங்களில் பழைய போரைத் திரும்ப நடத்திப் பார்ப்பது ஒரு பெரிய பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் 'சீல்டு நாட்' என்று ஒரு சங்கம், 1968-ல் தொடங்கியது. 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் பாதிப் பேர், பாராளுமன்றம் பக்கம் பாதிப் பேர் என்று சனி, ஞாயிறு வயலில் மோதுவார்கள். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போன்ற இடங்களில் உள்நாட்டுப் போரை இப்படி நடத்துவார்கள்.

அங்கேயும் கடைகள் உண்டு. கூடாரம் போட்டு, அந்தக் காலத்துத் தொப்பி, பித்தளைப் பொத்தான், தோல் பை, தகரக் குவளை எல்லாம் விற்பார்கள். அமெரிக்காவில் அந்தக் கடைக்காரர்களுக்குப் பெயர் 'சட்லர்'. இது விளையாட்டுக்கு வைத்த பெயர் இல்லை. நிஜப் போர்க்காலத்தில் படைக்குப் பின்னாலேயே வண்டியில் போய், சிப்பாய்க்குப் புகையிலையும் சாராயமும் சோப்பும் விற்றவருக்கு அதுதான் பெயர். ஆக, அங்கே சிப்பாயாக வருகிறவர் நடிக்கிறார். சட்லராக வருகிறவர் நிஜமாகவே விற்கிறார். 1863-ல் செய்த அதே வேலை.

இதை யோசித்தபடியே தார்ப்பாயை விரித்தேன். நம்ம ஊர் போரில் சட்லர் யார்? கட்டபொம்மன் கதையை நாம் எத்தனை தடவை பார்த்திருப்போம்! கூத்து, நாடகம், 1959-ல் பந்துலு எடுத்த படம். சிவாஜி நிற்கிற நிற்பு, ஜாக்சனாக வருகிற சி. ஆர். பார்த்திபன், பானர்மேனாக வருகிற ஜாவர் சீதாராமன், எல்லாம் கண் முன்னால் இருக்கு. ஆனா அந்தப் படைக்கு அரிசி போட்டவர் யார்? ஒரு காட்சிகூட ஞாபகம் வராது.

பாளையமும் பேட்டையும்

பதில் நம்ம ஊர்ப் பெயர்களிலேயே இருக்கு. 'பாளையம்' என்றால் முதல் அர்த்தம் படை தங்கும் இடம். அந்தப் படையை வைத்திருக்கிறவர் பாளையக்காரர். 'பேட்டை' என்பது கோட்டையையோ பாளையத்தையோ ஒட்டி முளைக்கிற சந்தை. படை இருக்கிற இடத்தில் வாய் இருக்கும். வாய் இருக்கிற இடத்தில் கடை இருக்கும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் பாளையங்கோட்டை, இன்னொரு பக்கம் பேட்டை. சென்னையில் இருக்கிறவங்க சிந்தாதிரிப்பேட்டையைக் கடந்து போவீங்க. 1734-ல் கம்பெனி நெசவாளர்களைக் கொண்டு வந்து குடியேற்றிய இடம் அது. தமிழ்நாட்டு மேப்பை விரித்தால் பாதி, படை தூங்கின இடம். மீதி, கடை போட்ட இடம்.

கடை இல்லாவிட்டால் படைக்கு என்ன ஆகும்? இதற்கு ஒரு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கு. 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் பெரிய படையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய்விட்டார். களத்தில் ஜெயித்தும் விட்டார். ஆனா சாப்பாடு இல்லை, மாடுகள் செத்து விழுகின்றன. தன்னுடைய பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வருஷம் ஜெயித்ததுக்கு ஒரு முக்கியக் காரணம் பஞ்சாராக்கள். நாம லம்பாடின்னு சொல்றோமே, அவங்கதான். ஆயிரக்கணக்கான பொதி மாடுகளில் தானியம் ஏற்றி, படையோடு படையாக வந்த வியாபாரிகள். கூலிக்கு வந்தவங்க இல்ல. சொந்தச் சரக்கு, சொந்த லாபம். திப்பு தோற்றதில் அரிசி மூட்டைக்கும் பங்கு உண்டு.

1080 வராகன்

சரி, பாஞ்சாலங்குறிச்சிக்கு வருவோம். நாம் கேட்டு வளர்ந்த கதையில் வெள்ளைக்காரன் வரி கேட்கிறான், கட்டபொம்மன் மறுக்கிறார், சண்டை. இது தப்பில்லை. ஆனா கடையில் உட்கார்ந்து பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

1783 ஆகஸ்ட். வீரபாண்டிய கட்டபொம்மன் பட்டத்துக்கு வருவதற்கு ஏழு வருஷம் முன்னால். கர்னல் புல்லர்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடிக்கிறார். உள்ளே அவருக்குப் பணம், துப்பாக்கி, வெடிமருந்து எல்லாம் கிடைக்குது. அதோடு ஒரு காகிதம். கொழும்பில் இருந்த டச்சு அரசுக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே போட்ட உடன்படிக்கையின் மூலப் பிரதி!

டச்சுக்காரர்கள் யார்? 1658-லிருந்து தூத்துக்குடியை வைத்திருந்தவர்கள். துணி வாங்கினார்கள், முத்துக்குளிப்பை நடத்தினார்கள், சங்கு எடுத்தார்கள். அவங்களும் ஒரு கம்பெனி. அதாவது கரிசல் காட்டுக் கோட்டைக்கும் கடற்கரைக் கிட்டங்கிக்கும் நடுவே ஒரு கொடுக்கல் வாங்கல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் கம்பெனிக்குக் கோபம். பாஞ்சாலங்குறிச்சி ஏதோ ஒரு மூலையில் தனியாக நின்ற மண்கோட்டை என்றுதான் நான் சின்ன வயசில் நினைத்திருந்தேன். இல்லை. அது ஒரு சர்வதேச வியாபாரப் போட்டியின் நடுவில் நின்றது.

அடுத்து 1792. ஆற்காட்டு நவாப் கம்பெனியிடம் கடன் மேல் கடன். அந்த வருஷம் போட்ட ஒப்பந்தப்படி பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கிற உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்றேன். நீங்க ஒருத்தர்கிட்ட கொடுக்கல் வாங்கல் வச்சிருக்கீங்க. அவர் வேறு ஒரு இடத்தில் கடன்பட்டு, உங்க கணக்கைத் தூக்கி அவங்ககிட்ட கொடுத்துட்டார். ஒரு நாள் காலையில் உங்க வீட்டு வாசலில் லோன் ரெக்கவரி ஆள் நிற்கிறார். நீங்க அவர்கிட்ட எதுவும் வாங்கலை. ஆனா கணக்கு நோட்டு அவர் கையில் இருக்கு.

அந்த ரெக்கவரி ஆள்தான் கலெக்டர் ஜாக்சன். 1798-ல் கட்டபொம்மன் பெயரில் இருந்த பாக்கி 3310 வராகன். வராகன் என்றால் இங்கிலீஷில் பகோடா என்று எழுதியிருக்கும். ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய். குற்றாலத்தில் பார்க்கப் போனார், முடியாதுன்னுட்டாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கேயும் முடியாது. கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்திப்பு. அதற்குள் பெரும் பகுதி கட்டியாகிவிட்டது. மீதி 1080 வராகன். அதாவது 3780 ரூபாய்.

அந்த 3780 ரூபாய்க்குத்தான் ராமநாதபுரத்தில் அவரை நிற்க வைத்தார்கள். கைகலப்பு வந்தது, லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மனின் காரியஸ்தர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு விசாரணைக் குழு கட்டபொம்மன் பக்கம் நியாயம் இருப்பதை ஏற்றுக்கொண்டது. ஜாக்சன் பதவி இழந்தார், லூஷிங்டன் வந்தார். ஆனா கணக்கு நோட்டு கம்பெனியிடமே இருந்தது.

ராத்திரி கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார். பிறகு, "ஆயிரத்து எம்பதுக்கா சண்ட? எந்த யாவாரியும் பாக்கிக்குச் சண்ட போட மாட்டான் மருமவனே. பாக்கிய வச்சுதான அவன் வந்து போவான்? கடையவே எனக்கு எழுதிக் குடுன்னு கேட்டாதான் சண்ட"ன்னார்.

பாளையக்காரர் போர் பற்றி நான் படித்ததில் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. பணத்தை விடக் கணக்கு எழுதும் உரிமைதான் அங்கே பிரச்சினை. இந்த மண்ணில் விளைகிற பருத்தியை, நெய்கிற துணியை, குளிக்கிற முத்தை யார் விலை பேசுவது என்பது பிரச்சினை. எதிரில் வந்த படைக்குச் சொந்தக்காரர் ஒரு ராஜா இல்லை, லண்டனில் பங்குதாரர்கள் இருந்த ஒரு வியாபாரக் கம்பெனி. நாம தேடின கடைக்காரர் களத்தின் ஓரத்தில் இல்லை, பீரங்கிக்குப் பின்னாலேயே நிற்கிறார்.

1801-ன் இரண்டு மாதம்

1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் தப்பினார், புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டார், அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. படம் இங்கே முடியுது. போர் முடியலை.

1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். எப்படித் தப்பினார் என்பதற்குத் தெற்கே சொல்கிற கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். விறகு விற்கிறவங்க மாதிரி வேஷம் போட்டு ஆட்கள் கோட்டைக்குள் போனாங்களாம். விறகுக் கட்டுக்குள் ஆயுதம். காவலுக்கு நிற்கிற சிப்பாய் யாரைத் தடுப்பான்? வாளோடு வருகிறவனைத் தடுப்பான். விறகோடு வருகிறவனைத் தடுத்தால் அவனுக்கே ராத்திரிச் சோறு வேகாது. வியாபாரி மட்டும் எந்தக் கோட்டைக்குள்ளும் போகலாம். எங்க சாக்கு வாள் சோதனைச் சாவடியைத் தாண்டினதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

தப்பி வந்தவர்கள் சில நாட்களிலேயே இடிந்த கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். தூத்துக்குடிக் கோட்டையையும் பிடித்தார்கள். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலே கோட்டை மேல் ஏறப் பார்த்து, பலத்த சேதத்தோடு பின்வாங்கினார். அதற்குப் பிறகு கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். அதில் ஊமைத்துரையைப் பற்றி எழுதும்போது எதிரி என்பதையே மறந்து மரியாதை காட்டுகிறார்.

நான் சொல்ல வருவது நடுவில் இருக்கிற அந்த ரெண்டு மாதம். மார்ச் கடைசியிலிருந்து மே கடைசி வரை. எங்க கடை இருந்த அதே கரிசல் வெளி, அதே கத்திரி வெயில். கால் வைத்தால் செருப்பைத் தாண்டிச் சுடும். எனக்கு ரெண்டு நாளில் நாக்கு வறண்டு போச்சு. பதநீர் விற்கிறவர் பக்கத்தில் இருந்ததால் பிழைத்தேன். அங்கே ஒரு படை ரெண்டு மாதம் உட்கார்ந்திருந்தது. சிப்பாய்கள், அவர்களுடைய வேலையாட்கள், மாட்டுக்காரர்கள், சமைக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், கூடாரம் சுமக்கிறவர்கள். அந்தக் காலத்துக் கம்பெனிப் படையில் துப்பாக்கி பிடித்தவர்களைவிட இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். இவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் உருதும் பேசினவர்கள். தினமும் ஒரு பாசறைச் சந்தை கூடியிருக்கும். அரிசி, புளி, வெற்றிலை, கருப்பட்டி. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கும் யாரோ தானியம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு மணிமண்டபம் இல்லை. ஒரு பெயர்கூட நமக்கு வரவில்லை.

கடலிலும் ஒரு பாளையம்

இந்த மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லை. முத்துக்குளிப்பை எடுத்துக்கோங்க. அதைச் சலாபம் என்பார்கள். எல்லா வருஷமும் நடக்காது. கடலடியில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று பார்த்து, அரசு அறிவித்தால்தான் சலாபம். அறிவிப்பு வந்ததும் ஆளில்லாத கடற்கரையில் ஓலையும் மூங்கிலுமாக ஒரு ஊர் எழும்பும். குளியாளிகள், படகுக்காரர்கள், தரகர்கள், கடன் கொடுக்கிறவர்கள், சோற்றுக் கடைக்காரர்கள். சுற்றிலும் காவல். சிப்பி திருடு போகக் கூடாதே.

படகுகள் ராத்திரிக் கரைக்காற்றில் போகும், மத்தியானக் கடல்காற்றில் திரும்பும். ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்த சிப்பியில் அரசுக்கு மூன்றில் இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு மூன்றில் ஒன்று. அரசுப் பங்கு ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று ஏலம் போகும். பிரிக்காத சிப்பி! உள்ளே முத்து இருக்கா, இல்லையா, யாருக்கும் தெரியாது. அழுக வைத்து, கழுவிப் பார்த்தால்தான் தெரியும். ஒருத்தர் பணக்காரர் ஆவார். பக்கத்துக் குடிசையில் இருக்கிறவர் நாற்றத்தோடு ஊருக்குத் திரும்புவார். சில வாரத்தில் ஊரே கலைந்து போகும்.

பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிறகு நம்ம அரசு. ஒவ்வொருவரும் இந்தக் கடலுக்குக் காவல் போட்டதும், சிலர் சண்டை போட்டதும் அந்த ஏலக் குடிசையில் யார் உட்காருவது என்பதற்காகத்தான். தூத்துக்குடிக் கடலில் கடைசிப் பெரிய சலாபம் 1961-ல் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ஓலை ஊர் எழும்பவில்லை. ஆனால் ஓலைக்குப் பதில் தார்ப்பாய் போட்டு, ரெண்டு நாளில் எழும்பி ரெண்டு நாளில் கலைகிற ஊர்கள் இன்னும் இருக்கு. மாமா வருஷம் முழுக்க அந்த ஊர்களில்தான் குடியிருக்கிறார்.

யார் வெள்ளைக்காரன்?

இப்ப அந்தத் தடை உத்தரவுக்கு வருவோம். கட்டபொம்மன் படையில் பல சமூகத்து ஆட்கள் இருந்தார்கள். வெள்ளையத்தேவனுக்கு வல்லநாட்டில் மணிமண்டபம் இருக்கு. சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியில் இருக்கு. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன். ஒரே கோட்டைக்காகச் செத்தவர்கள் இன்றைக்கு வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு தேதிகளில், வெவ்வேறு கொடிகளுக்குக் கீழே நினைக்கப்படுகிறார்கள். ஒரு ஊர் வண்டி இன்னொரு ஊர் வழியாகப் போகும்போது போலீஸ் பதற்றமாக நிற்கிறது. 1799-ல் ஒன்றாக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் சந்தித்துக்கொள்ளக் கூடாது என்று பாதை பிரித்து விடுகிறோம். நான் பார்த்ததிலேயே சோகமான வரலாற்று விஷயம் இது.

ஆனா மாமா கடையில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வந்தார்கள். ரெண்டாம் நாள் சாயங்காலம் ஒரு ஏழெட்டுப் பையன்கள். எல்லோருக்கும் வாள் வேணும். எல்லோரும் கட்டபொம்மன். அதில் ஒருத்தன், கொஞ்சம் பெரியவன், "எல்லாரும் கட்டபொம்மன்னா யாருலே வெள்ளக்காரன்?"ன்னு கேட்டான். அமைதி. யாரும் வரலை. கடைசியில் வாள் வாங்கக் காசு பத்தாத ஒரு குட்டிப் பையன் ஒரு சின்னத் துப்பாக்கியைக் காட்டி, "இது எவ்வளவு அண்ணாச்சி?"ன்னான். அவன் வெள்ளைக்காரன் ஆனான். மாமா அவனுக்கு ஒரு ஊதலைச் சும்மா கொடுத்தார். "வெள்ளக்காரன் இல்லாம சண்ட நடக்குமா? பாவம், அவந்தான சாவணும்."

இங்கிலாந்தில் அந்தச் சங்கத்துக்காரர்கள் ரெண்டு பக்கத்துக்கும் ஆள் சேர்ப்பார்கள். தோற்ற பக்கத்துக்கும் மரியாதை உண்டு. நமக்கு அது கஷ்டம், ஏனென்றால் நம்முடைய போர் அடிமைப்பட்ட கதை. ஆனாலும் அந்தப் பையன் கேட்ட கேள்வியை விட முடியலை. வெள்ளைக்காரன் பக்கம் நின்று சுட்டவர்களில் பெரும்பாலோர் நம்ம ஊர் சிப்பாய்கள். அரிசி ஏற்றியது நம்ம மாடு. அந்தப் பக்கமும் நம்ம தாத்தாக்கள் இருந்தார்கள். வாள் மட்டும் விற்கிற வரலாற்றில் அவர்களுக்கு இடம் கிடையாது. அதனால்தான் எல்லோரும் கட்டபொம்மனாகவே இருக்கப் போட்டி போடுகிறோம், அவர் யாருக்குச் சொந்தம் என்று சண்டையும் போடுகிறோம்.

ஒட்டப்பிடாரத்துக்காரர்

முடிக்கும் முன் ஒரு ஆள். பாஞ்சாலங்குறிச்சிக்கு மூணு கிலோமீட்டர் தள்ளி ஒட்டப்பிடாரம். அங்கே 1872 செப்டம்பர் 5 அன்று ஒரு குழந்தை பிறந்தது. பானர்மேன் கோட்டையைத் தாக்கிய அதே செப்டம்பர் 5. குழந்தையின் பெயர் சிதம்பரம். வ.உ.சி.

வளர்ந்து வக்கீலானார். ஆனால் அவர் தொடங்கியது ஒரு கம்பெனி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, பதிவான நாள் 1906 அக்டோபர் 16. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே அக்டோபர் 16. தற்செயலாகத்தான் இருக்கும். ஆனா இந்த ஊர்க்காரர் ஒருத்தருக்கு அந்த ரெண்டு தேதியும் தெரிந்தால் கொஞ்சம் சிலிர்க்கும்.

மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள், ஒரு பங்கு 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல். எதிரில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அவங்க டிக்கெட்டை ஒரு ரூபாய்க்குக் குறைச்சாங்க. இவர் எட்டணா ஆக்கினார். அவங்க இலவசம்னு சொல்லி, ஏறினவங்களுக்குக் குடையும் கொடுத்தாங்க. இன்னைக்கு ஆப்-ல ஆஃபர் போட்டுப் போட்டிக் கம்பெனியைச் சாகடிக்கிறாங்களே, அதே வேலை, 1907 வாக்கில், தூத்துக்குடித் துறைமுகத்தில்.

இவர் கையில் வாள் இல்லை, பங்குப் பத்திரம் இருந்தது. ஆனால் அரசு இவரை எப்படி நடத்தியது? 1908-ல் ரெண்டு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தது, ஆனாலும் 1912 வரை சிறை. அதற்குள் 1911-லேயே கம்பெனியை மூடிவிட்டார்கள். 25 ரூபாய்ப் பங்கு விற்றவருக்கு இவ்வளவு பெரிய தண்டனை ஏன்? மாமா சொன்ன அதே பதில்தான். பாக்கி கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். இவர் கடையையே கேட்டார்.

இன்றைக்கு அந்தத் துறைமுகத்துக்கு அவர் பெயர். உள்ளே தினமும் கன்டெய்னர் ஏறுது, இறங்குது. எங்க மாமா விற்கிற பிளாஸ்டிக் வாளும் அப்படி ஒரு பெட்டியில் எங்கிருந்தோ வந்ததாகத்தான் இருக்கும். அதற்கு யார் விலை வைத்தார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உங்க ஊர்த் திருவிழாவுக்கு அடுத்த தடவை போகும்போது மேடையைப் பார்த்துட்டு, கொஞ்சம் திரும்பித் தரையில் இருக்கிற கடையையும் பாருங்க. அந்த அண்ணாச்சிகிட்ட, அக்காகிட்ட, இதுக்கு முன்னால எந்த ஊர், இதுக்கு அடுத்தது எந்த ஊர்னு கேளுங்க. கேட்டதை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்ல கதையா இருந்தா அடுத்த எபிசோட்ல அவங்க குரலிலேயே கேட்போம்.